தரையை மிதிக்காத செருப்பு

பூவத்தில் பஸ் நின்றதும் ஆண்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விழிப்பு வந்தது. மயிலாடுதுறையிலிருந்து வாயைப் பிளந்துகொண்டு தூங்கி வந்தவர்கள்தான் அத்தனை பேரும். ஒரு வரவேற்புப் பலகை, ஒரு சோதனைச் சாவடி, சிவப்புத் தொப்பி வைத்த ஒரு போலீஸ்காரர், அவருக்குப் பின்னால் வரிசையாக மதுக்கடைகள். பலகை யாரை வரவேற்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. "பாண்டிச்சேரி வந்துடுச்சும்மா" என்று பக்கத்துச் சீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பாண்டிச்சேரி அங்கிருந்து பல மணி நேரம் வடக்கே இருக்கிறது. ஆனால் ஆட்சி அதுதானாம். ஆக, பாஸ்போர்ட் இல்லாமல், விசா இல்லாமல், மடியில் மருந்துப் பெட்டியோடு நானும் வெளிநாடு போய்ச் சேர்ந்தேன்.

நான் திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புண்ணைக் கழுவிக் கட்டுவது என் வேலை. பதினாறு வருடமாக அதுதான். பிரசவ வார்டில் இருக்கிற தோழிகளுக்கு வாரத்துக்கு ஒரு ஸ்வீட் டப்பா வந்துவிடும். சர்க்கரைப் புண் ஆறிய சந்தோஷத்தில் எனக்கும் ஒருவர் லட்டு கொண்டுவந்து கொடுத்தார். தானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நாலு திட்டுத் திட்டித்தான் அனுப்பினேன்.

எங்கள் டாக்டர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக்கால் போய் நோயாளிகளைப் பார்ப்பார். சுனாமி வந்துபோன மூன்றாம் வருடம், நல்ல கத்திரி வெயிலில், என்னைக் கூப்பிட்டார். "அங்க ரெண்டு பேஷண்ட். தினமும் வீட்டுக்குப் போய்க் கட்டணும். மூணு வாரம்தான். கடற்கரை ஊர், காத்து வாங்கிட்டு வரலாம்." நான் கோபிச்செட்டிப்பாளையத்துக்காரி. கடலை அதுவரை ஒரே ஒரு தடவை சென்னையில் பார்த்திருந்தேன். உப்புக் கரித்தது என்று மட்டும் ஞாபகம்.

தங்க மாடி அறை கொடுத்தவர் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற ஒரு பெரியவர். நான் போய்ச் சேர்ந்த நேரம் வாசலில் நின்று போனில் பிரெஞ்சு பேசிக்கொண்டிருந்தார். தோளைக் குலுக்கினார், கையை விரித்தார், ஒரு கட்டத்தில் குரல் தழுதழுத்தது. என்னங்க ஆச்சு என்று பயந்துபோய்க் கேட்டேன். "பாரீஸ்ல மகன். மீனு வாங்கிட்டு வந்துட்டானாம். புளி எவ்வளவு கரைக்கிறதுன்னு கேக்குறான். எலுமிச்சங்கா அளவுன்னேன். அங்க உள்ள எலுமிச்சங்கா வேற சைஸுங்கிறான்" என்றார். பிரெஞ்சு மொழி மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றோடு போயிற்று.

அவருடைய பழைய மொபெட் ஒன்றை என்னிடம் கொடுத்தார். "நல்ல வண்டிம்மா, ஒரு குறையும் இல்ல" என்றார். அந்த நல்ல வண்டி மறுநாள் காலை கோட்டுச்சேரி கடைத்தெருவில், எல்லோரும் பார்க்கிற இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டது. மூன்று வாரமும் அது படுப்பதற்கு அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. மிச்ச தூரத்தை ஒரு ஐஸ் வண்டியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து கடந்தேன். காற்று வாங்கலாம் என்று டாக்டர் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

கோட்டுச்சேரிக்குக் கிழக்கே கடலோரத்தில், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். நான் முதலில் நுழைந்தது வேறு வீடு. அந்த வீட்டு அம்மாள் நான் யாரென்று கேட்கவில்லை. டீ கொடுத்தாள், தன் முழங்கால் வலியைப் பத்து நிமிடம் சொன்னாள், பிறகுதான் "கலியபெருமாள் வீடா? அடுத்த தெரு" என்றாள். டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரை இருந்திருக்கும். இந்த ஊரில் எனக்கு வேலை தீரவே தீராது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கலியபெருமாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. மச்சானோடு கூட்டாக ஒரு விசைப்படகு. பதினைந்து வருடச் சர்க்கரை. வலது கால் சுண்டுவிரலை எங்கள் டாக்டர் ஏற்கெனவே எடுத்தாயிற்று. அதற்குக் கீழே உள்ளங்காலில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குக் குழிப்புண். அந்தக் காலில் அவருக்கு உணர்ச்சி கிடையாது. ஊசியால் குத்தினால் அடுத்தவர் காலைக் குத்துகிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். டாக்டர் பச்சையாகச் சொல்லியிருந்தார். மூன்றாவது வாரக் கடைசி ஞாயிறு வருவேன், புண் சிவந்து மேலே வந்திருந்தால் கால் இருக்கும், இல்லாவிட்டால் கணுக்காலுக்கு மேல் எடுத்துவிட வேண்டும் என்று. கால் போனால் படகும் போனது. அலையில் ஆடுகிற பலகைமேல் ஒற்றைக் காலோடு யார் நிற்பது? மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. தடை முடிந்து படகு தண்ணீரில் இறங்குகிற அன்று, அதில் தானும் நிற்க வேண்டும். அந்த மனிதர் கேட்டது அவ்வளவுதான்.

முதல் நாள் அவர் காலில் இருந்த பழைய கட்டு முழுக்க மண், கிரீஸ், மீன் செதில் எல்லாம் இருந்தது. எனக்கு வந்ததே கோபம்.

"ஏனுங்க்ணா, இது கட்டா, கரித்துணியா? இன்னொரு நாள் இப்பிடி அழுக்குக் கட்டோட பாத்தனா, பொட்டிய மூடிட்டுத் திருச்சி பஸ் ஏறிருவேன், சொல்லிட்டேன். ஒரு தூசி படக்கூடாது!"

"நல்லா கேளுங்க நர்சம்மா. நான் சொன்னா காதுலயே வாங்குறதில்ல" என்றாள் அவர் மனைவி அஞ்சலை.

"சரிங்க சிஸ்டர், தூசி படாது" என்றார் கலியபெருமாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர். அதுதான் வினையாகப் போயிற்று.

ஆஸ்பத்திரி கொடுத்தனுப்பிய மெத்தென்ற ரப்பர் செருப்பு இரண்டு ஜோடியை எடுத்து வைத்தேன். ஒன்று போட்டுக்கொள்ள, ஒன்று மாற்றுக்கு. வீட்டுக்குள்ளும் இதைப் போட வேண்டும், வெறுங்கால் தரையில் படக்கூடாது, நடக்கவே கூடாது, கால் நீட்டி உட்கார வேண்டும் என்று பாடம் நடத்தினேன். அஞ்சலை ஒரு ஜோடியைப் பெட்டியோடு அலமாரி உச்சியில் வைத்துவிட்டு, எனக்கு மீன் குழம்பு ஊற்றினாள். எங்கள் பக்கம் மீன் என்றால் அணைக்கட்டில் பிடிக்கிற மண்வாடைக் கெண்டை. இது வேறு ரகம். நாலாவது வாயில் தொண்டையில் முள் மாட்டிக்கொண்டது. அஞ்சலை வெறும் சோற்றை உருட்டி என் வாயில் திணித்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். யார் நர்ஸ் என்று அந்த வீட்டில் கொஞ்ச நேரம் குழப்பமாக இருந்தது.

இரண்டாவது வீடு குரும்பகரத்தில், வயலுக்கு நடுவே. பக்கவாதத்தில் படுத்த ஒரு பெரியவருக்கு இடுப்பில் படுக்கைப் புண். மகன் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று சொன்னேன். மறுநாள் சுவரில் கோடு போட்ட பதிவேடு ஒன்று தொங்கியது. நேரம், இடதா வலதா, புரட்டியவர் கையெழுத்து. அசந்துபோனேன். கிட்டே போய்ப் பார்த்தால், மணி காலை எட்டரை, கையெழுத்து மாலை ஆறு வரை போட்டிருந்தது.

"சாயங்காலம் ஆறு மணிக்கு வலப்பக்கம் புரட்டியாச்சுங்களா?" என்றேன்.

"புரட்டிடுவோம் மேடம். ஆபீஸ்ல இப்படித்தான் வழக்கம்" என்றார் மகன். கட்டிலில் இருந்த அப்பா கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இப்படியே நாட்கள் ஓடின. காலையில் குரும்பகரம், பதினொரு மணிக்குக் கலியபெருமாள். தினமும் அவர் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி, கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார். கட்டு, நான் முந்தின நாள் கட்டிய அதே வெள்ளையில், மடிப்புக் கலையாமல் இருக்கும். "பாத்தீங்களா சிஸ்டர்?" என்பார். நானும் "இப்பிடி இருக்கோணுமுங்க்ணா!" என்று பாராட்டுவேன். குரும்பகரத்துக்காரரிடம்கூட இவரைப் பற்றிப் பெருமை அடித்தேன். கட்டு பளபளவென்று இருந்தது. புண்தான் சிவக்கவில்லை. நாலாம் நாள் ஓரமெல்லாம் வெளுத்தது. ஆறாம் நாள் ஊறிய அப்பளம் மாதிரி நொதநொதத்தது. சர்க்கரைதான் காரணம் என்று முடிவு கட்டி, அஞ்சலையை நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்தேன். அவள் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தாள். டாக்டரிடம் போனில் சொன்னேன். "பதினாறு வருஷ சர்வீஸ்னு சொல்லிக்கிறீங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் குரும்பகரத்தில் அமாவாசைப் படையல், மதியத்துக்கு மேல் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் எட்டு மணிக்கே கலியபெருமாள் வீட்டுக்குப் போனேன். கயிற்றுக் கட்டில் காலி. அஞ்சலை என்னைப் பார்த்ததும் வெளுத்துப்போய், "கோயிலுக்குப் போயிருக்காரு நர்சம்மா" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் சவரம் செய்யப் போயிருப்பதாகச் சொன்னார். வெளியே வந்தபோது முதல் நாள் டீ கொடுத்த முழங்கால் அம்மாள் எதிரே வந்தாள். "அவரா? ஆத்தங்கரைக்குப் போயிருப்பாரு. தெனம் போயிட்டு பத்தரைக்கெல்லாம் வந்துடுறாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். முழங்கால் வலியைப் பொறுமையாகக் கேட்டதற்கு அன்றுதான் பலன் கிடைத்தது.

அரசலாற்றங்கரையில் படகுகளைக் கரையேற்றி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தடைக்காலத்தில்தான் மராமத்து, பெயிண்ட் எல்லாம். ஒரு படகின் ஏணிக்குக் கீழே எங்கள் ஆஸ்பத்திரி செருப்பு ஜோடியாக, ஒழுங்காக, வாசலில் விடுகிற மாதிரி விடப்பட்டிருந்தது. செருப்புக்காரர் மேலே இருந்தார். தண்ணீர் கசியாமல் இருக்கப் பலகை இடுக்கில் பஞ்சை வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். வலது காலில் மீன் கட்டிக்கொடுக்கிற பிளாஸ்டிக் கவர், கணுக்காலில் வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"ஏனுங்க்ணா!" என்று நான் கத்தியதில் அக்கம்பக்கத்துப் படகுகளிலும் சுத்தியல் நின்றது.

"வாங்க சிஸ்டர்" என்றார். முகத்தில் திருட்டுத்தனம் துளியும் இல்லை. "நான் நடக்கலியே. மச்சான் பைக்குலதான் வந்தேன். செருப்பும் போட்டுக்கிட்டுத்தான் வந்தேன், அந்தா கெடக்கு பாருங்க."

"செருப்பு கீழ கெடக்குது, காலு மேல இருக்குதே!"

"படகுல எப்படி சிஸ்டர் செருப்போட ஏறுறது?" கலியபெருமாள் உண்மையாகவே அதிர்ந்துபோனார். "நீங்க கோயிலுக்குள்ள போட்டுக்கிட்டுப் போவீங்களா? சோறு போடுற எடம் சிஸ்டர்." பிறகு குரலைத் தாழ்த்தி, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, கவரைக் காட்டினார். "ஆனா கட்டுல ஒரு தூசி படல. நீங்க சொன்னதுலேருந்து ஒருநாள் கூடப் படல."

அவரை இறக்கி, ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்காரவைத்துக் கயிற்றை அறுத்தேன். கவருக்குள்ளிருந்து வியர்வை வடிந்தது. எட்டு நாள் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் அந்தப் புண் வேர்வையிலே வெந்திருக்கிறது. பத்தரைக்கு வீட்டுக்கு வந்து, கவரை அவிழ்த்துப் போட்டு, மின்விசிறிக்கு நேரே காலை நீட்டிக் கட்டைக் காயவைத்து, எனக்காகச் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நானும் தினம் பாராட்டிவிட்டுப் போயிருக்கிறேன். கவரில் ஓரிடத்தில் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டைக்கு நேரே குதிகாலில், படகு வேலைக்கு வாங்கின சின்ன ஆணி ஒன்று, தலை மட்டும் தெரிய உள்ளே இறங்கியிருந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்து, "என்ன சிஸ்டர்?" என்றார்.

ஆணியைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தேன். ரத்தம் வழிந்தது. அவர் ஆணியைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி ஆணியைப் பார்த்தார். "இது என் காலுலயா இருந்துச்சு?" என்றார்.  அந்த மனிதர் பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாய் மட்டும் கிழியக் கிழியப் பேசுகிற நான், அழுக்கைப் பார்த்துக் கத்தினேனே தவிர, ஏன் அழுக்காகிறது என்று ஒரு வார்த்தை கேட்டேனா? "தப்பு எம்மேலதானுங்க்ணா. நான் கட்டத்தான் பாத்தேன், காலப் பாக்கல" என்றேன். அவர் ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஊசி போட்டாயிற்று, டாக்டரிடம் திட்டு வாங்கியாயிற்று. இனி படகுப் பக்கமே போகக்கூடாது என்று நான் சொன்னதும் அஞ்சலை குறுக்கே வந்தாள். "இப்ப போவாம இருந்துடுவாரு நர்சம்மா. தடை முடிஞ்சு கடலுக்குப் போறப்ப? அப்பவும் வெறுங்காலுதானே? மறுபடி ஒரு ஆணி, மறுபடி நீங்க வரணுமா?" பதினாறு வருட சர்வீஸுக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. பேச்சோடு விடவும் இல்லை. படகில் செருப்புப் போட அனுமதி வேண்டும் என்று அன்று சாயங்காலமே ஊர்ப் பஞ்சாயத்தில் விஷயத்தை வைத்துவிட்டாள்.

கோயில் முன்னால் ஊர்த் தலைவரும் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். அஞ்சலையும் நானும் நின்றோம். பாராளுமன்றத்தில்கூடச் செருப்பைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டார்கள். படகில் செருப்பு ஏறினால் வலையில் மீன் ஏறாது என்றார் ஒருவர். வேறு எவனோ முன்பு ஏறி என்ன ஆனான் என்று ஒரு கதை சொன்னார் இன்னொருவர். அஞ்சலை இடுப்பிலிருந்து டாக்டரின் மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினாள். தலைவர் கண்ணாடி போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். முதலில் ஊசி, இரண்டாவது மாத்திரை, மூன்றாவது களிம்பு, நாலாவது செருப்பு.

"மருந்துச் சீட்டுலதானே எழுதியிருக்கு? அப்ப இதுவும் மருந்துதான்" என்றார்.

"மருந்துன்னா வாயில போட்டுக்கச் சொல்லுங்க" என்றார் மீன் ஏறாது என்றவர்.

"களிம்பையும் நீ வாயிலதான் போட்டுக்குறியா?" என்றாள் அஞ்சலை.

தீர்ப்பு இப்படி வந்தது. அலமாரியில் இருக்கிற புது ஜோடி இன்னும் தரையை மிதிக்கவில்லை, ஆகவே அது இன்னும் செருப்பாகவில்லை. அதை மஞ்சள் குங்குமம் வைத்துப் படகில் ஏற்ற வேண்டும். அது படகைவிட்டு இறங்கக் கூடாது. கலியபெருமாளைத் தவிர வேறு கால் அதில் நுழையக் கூடாது. ரோட்டுச் செருப்பு ஏணிக்குக் கீழேயே நிற்க வேண்டும். சட்டம் படித்தவர்கள் இவ்வளவு தெளிவாக எழுத மாட்டார்கள். என் பங்குக்கு நானும் ஒரு விதி சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வரை படகில் அவர் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து வாயால் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும், ஏற்றி இறக்குவது மச்சான் பொறுப்பு. மச்சான் என்னை முறைத்தார்.

அன்றோடு பிளாஸ்டிக் கவர் ஒழிந்தது. மறுநாளிலிருந்து கட்டுமேல் நீலப் பெயிண்ட் பட்டது, மரத்தூள் பட்டது, ஒருநாள் டீ கொட்டியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கால் முழுக்க, விரல் இடுக்கு உட்பட, விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். பதிமூன்றாம் நாள் வெளுப்பு குறைந்தது. பதினாறாம் நாள் குழியின் அடியில் ஒரு மிளகு அளவு சிவப்பு தெரிந்தது. அன்று கோட்டுச்சேரியில் மொபெட் படுத்தபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை.

டாக்டர் ஞாயிறன்று வந்தார். அஞ்சலை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார். "நல்லா செவந்து வந்திருக்கு. கால் இருக்கட்டும்" என்றார். அஞ்சலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் கழற்றிப் போட்ட கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் சிஸ்டர், கட்டை இவ்வளவு அழுக்காவா வச்சிருப்பீங்க?"

"இனிமேல் பாத்துக்கறனுங்க சார்" என்றேன்.

மறுநாள் நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். கடைசிக் கட்டுக் கட்ட ஆற்றங்கரைக்குப் போனேன். பெயிண்ட் முடிகிற நேரம், கலியபெருமாள் இறங்க மாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலில் மஞ்சள் குங்குமம் வைத்த செருப்பு. "பொம்பளைங்க ஏறுற வழக்கம் இல்ல" என்று மச்சான் இழுத்தார். "செருப்பே மருந்துன்னா, நர்சம்மா மட்டும் யாராம்?" என்று அஞ்சலை என் பெட்டியை மேலே தூக்கிக் கொடுத்தாள். என் செருப்பை அவருடைய ரோட்டுச் செருப்புக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு ஏறினேன்.

பதினொரு மணி வெயிலில் அந்தப் பலகை இரும்புச் சட்டி மாதிரி காய்ந்திருந்தது. "ஐயோ அம்மா!" என்று ஒற்றைக் காலில் குதித்தேன், அடுத்த காலில் குதித்தேன். படகே சிரித்தது. கலியபெருமாளும் சிரித்தார். பிறகு என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், கிண்டல் இல்லாமல் கேட்டார்.

"சுடுதுங்களா சிஸ்டர்?"

"பின்ன? கொப்புளமே வந்துருமுங்க்ணா!"

"குடுத்து வச்சவங்க" என்றார்.

நான் குதிப்பதை நிறுத்தினேன். அப்படியே அந்தப் பலகையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவர் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.